துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவரா? மாநில எல்லையைத் தாண்டும் முன் இதைப் படியுங்கள்

ஓட்டுநர் உரிமம் ஒன்றை எடுத்துவிட்டால் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை வண்டி ஓட்டலாம். எந்த மாநிலத்திலும் அது செல்லும். துப்பாக்கி உரிமத்தையும் பலர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "லைசென்ஸ்தான் இருக்கே, அப்புறம் யார் என்ன கேட்கப் போறாங்க?" என்று பெட்டியில் வைத்துக்கொண்டு பக்கத்து மாநிலத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொல்லும்போதுதான், உரிமப் புத்தகத்தில் இத்தனை நாளும் படிக்காமல் விட்ட ஒரு வரி கண்ணில் படுகிறது. உரிமம் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று சொல்லும் வரி அது.

அந்த ஒரு வரியால் துப்பாக்கி பறிமுதல் ஆகலாம், வழக்கு வரலாம், பல வருடமாக வைத்திருந்த உரிமமே ரத்தாகலாம். முன்னாள் ராணுவத்தினர், வங்கிக் காவலர்கள், தோட்டம் வைத்திருப்பவர்கள், துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்கள் என உரிமம் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும். வெளிமாநிலப் பயணத்துக்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சட்டம் ஒன்று, உரிமத்தின் எல்லை வேறு வேறு

ஆயுதச் சட்டம், 1959 என்பது மத்திய அரசின் சட்டம். நாடு முழுவதும் ஒரே சட்டம்தான். அதன் கீழ் இப்போது நடைமுறையில் இருப்பவை ஆயுத விதிகள், 2016. சட்டம் பொதுவாக இருந்தாலும் உரிமம் தனித்தனியாகத்தான் வழங்கப்படுகிறது. மாவட்டங்களில் மாவட்ட ஆட்சியரும், சென்னை போன்ற காவல் ஆணையரகப் பகுதிகளில் காவல் ஆணையரும் உரிமம் தருகிறார்கள். போலீஸ் அறிக்கை வாங்கி, உங்களுக்குத் துப்பாக்கி ஏன் தேவை, எங்கே தேவை என்று பார்த்துத்தான் தருகிறார்கள். அந்த 'எங்கே' என்பதற்கான பதில்தான் உரிமத்தில் எழுதப்படும் செல்லத்தக்க பகுதி.

சிலருக்கு ஒரு மாவட்டம் மட்டும் எழுதியிருக்கும். பலருக்கு மாநிலம் முழுவதும் என்று இருக்கும். சிலருக்குப் பக்கத்து மாநிலங்களும் சேர்ந்திருக்கும். வேலையின் தன்மை, ஆபத்தின் அளவு போன்ற காரணங்களைப் பார்த்து இந்தியா முழுவதும் செல்லும்படியும் தரப்படுவதுண்டு. உங்கள் நண்பருக்கு அகில இந்திய அனுமதி இருக்கிறது என்பதால் உங்களுக்கும் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

கிளம்பும் முன் உரிமத்தில் பார்க்க வேண்டிய ஐந்து விஷயங்கள்

1. செல்லத்தக்க பகுதி: போகும் மாநிலம் மட்டும் போதாது, வழியில் கடக்கும் மாநிலமும் அதில் இருக்க வேண்டும்.

2. முடியும் தேதி: 2019-ம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு உரிமத்தின் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்ந்தது. அதற்கு முன் வாங்கியவர்கள் "அஞ்சு வருஷம்தானே" என்று மனக்கணக்குப் போடாமல், புத்தகத்தில் இருக்கும் தேதியைப் பாருங்கள். பயணத்தின் நடுவில் காலாவதியானாலும் உரிமம் இல்லாத துப்பாக்கியாகத்தான் அது கருதப்படும்.

3. தனி அடையாள எண்: ஒவ்வொரு உரிமமும் தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் பதிவாகி, அதற்கு ஒரு தனி அடையாள எண் தரப்பட்டிருக்க வேண்டும். வெளிமாநில போலீஸார் உங்கள் உரிமம் உண்மையானதா என்று சரிபார்க்க இந்த எண்தான் வழி. எண் இல்லாத பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டாதீர்கள்.

4. துப்பாக்கியின் விவரம்: வகை, துளையளவு, துப்பாக்கியில் பொறித்துள்ள எண் ஆகியவை புத்தகத்தில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். 2019 திருத்தப்படி ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். முன்பு இந்த வரம்பு 3 ஆக இருந்தது.

5. நோக்கம்: தற்காப்புக்காகவா, விளையாட்டுக்காகவா, பயிர்ப் பாதுகாப்புக்காகவா? எந்த நோக்கத்துக்குக் கொடுத்தார்களோ அதற்கு மட்டும்தான் அது செல்லும்.

எல்லை தெரியாமலே கடந்துபோகும் இடங்கள்

"நான் வேற ஸ்டேட்டுக்கே போகலையே" என்று நீங்கள் நினைக்கும் பயணத்திலும் எல்லை வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் போகிறவர் மனதில் அது முழுக்கத் தமிழ்நாட்டுப் பயணம்தான். ஆனால் வழியில் புதுச்சேரி வருகிறது, பிறகு காரைக்கால் வருகிறது. இரண்டும் யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தவை. உரிமத்தில் 'தமிழ்நாடு' என்று மட்டும் இருந்தால், அந்தச் சில கிலோமீட்டருக்கும் அது செல்லாது. இதே போல மாஹே கேரளத்துக்கு நடுவிலும், ஏனாம் ஆந்திரத்துக்கு நடுவிலும் இருக்கும் புதுச்சேரிப் பகுதிகள்.

தேனி மாவட்டத்துக்காரர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். போடியிலும் கம்பத்திலும் வீடு, இடுக்கியில் ஏலத்தோட்டம் என்று இருப்பவர்கள் ஏராளம். காட்டுப்பன்றித் தொல்லைக்கு இங்கே வாங்கிய பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கியை, போடிமெட்டு வழியாக அங்கே கொண்டுபோகலாம் என்று தோன்றும். பயிர்ப் பாதுகாப்பு உரிமம் குறிப்பிட்ட நிலத்தை, குறிப்பிட்ட பகுதியைச் சார்ந்து தரப்படுவது. தேனி நிலத்துக்காக வாங்கியது இடுக்கித் தோட்டத்துக்குச் செல்லாது. இது ஒரு பக்கம் என்றால், பன்றியைச் சுடுவதற்கு வனச் சட்டத்தின் கீழ் தனி அனுமதி வேண்டும். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சி அமைப்புகளின் வழியாக அந்த அனுமதி தரப்படுகிறது. அது உரிமம் உள்ள, அனுமதி பெற்ற ஆட்களுக்கான ஏற்பாடு. தோட்டக்காரர் தன் விருப்பத்துக்குச் சுட அது இடம் தராது.

ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாக மைசூரு போகும் சாலையிலும் கவனம் தேவை. அந்தச் சாலை முதுமலைக்குள் நுழைந்து பந்திப்பூர் வழியாக வெளியே வருகிறது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-ன் 31-வது பிரிவின்படி, முன்கூட்டியே எழுத்துமூலம் அனுமதி வாங்காமல் ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. உங்கள் உரிமம் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் செல்லும் என்றாலும் இந்தத் தடை தனியாக இருக்கிறது. துப்பாக்கி கையில் இருந்தால் அந்த வழியை விட்டு வேறு வழியில் போவதே நல்லது.

செல்லத்தக்க பகுதியை விரிவாக்குவது எப்படி?

உங்களுக்கு உரிமம் தந்த அதிகாரியிடமே விண்ணப்பிக்க வேண்டும். போகப்போகும் மாநிலத்து அதிகாரியிடம் கேட்டு வாங்கலாம் என்று அங்கே போய் நிற்காதீர்கள். ஆயுத உரிமத்துக்கான மத்திய உள்துறையின் இணையதளத்தில் பகுதி விரிவாக்கத்துக்கும் சேவை உண்டு. விண்ணப்பத்தில் முக்கியமாகப் பார்க்கப்படுவது காரணம். "எப்பவாவது தேவைப்படலாம்" என்று எழுதினால் போதாது. வேலை நியமன ஆணை, வணிகத்துக்கான ஆதாரம், போட்டிக்கான அழைப்பு, அங்கே உள்ள சொத்தின் ஆவணம் என ஏதாவது ஒன்றை இணையுங்கள்.

போலீஸ் அறிக்கை கேட்கப்படலாம் என்பதால் நாளாகும். அடுத்த வாரம் பயணம் என்றால் இந்த வாரம் விண்ணப்பித்துப் பயனில்லை. விண்ணப்பம் கொடுத்த ரசீதைக் காட்டி எல்லையைத் தாண்டவும் முடியாது. உரிமத்தில் பதிவான பிறகுதான் அனுமதி. விரிவாக்கம் தருவதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் வழி உண்டு.

மறைத்துக் கொண்டுபோகலாமா, வெளியே தெரியலாமா?

சினிமாவில் இடுப்பில் துப்பாக்கி தெரியும்படி நடந்துபோகிறார்கள். நம் நாட்டு விதி அதற்கு நேர்மாறு. ஆயுத விதிகள், 2016-ன்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துச் சென்றால், அது உடலோடு சேர்ந்த உறையில் இருக்க வேண்டும், அல்லது அதற்குரிய பையில் இருக்க வேண்டும். நீளத் துப்பாக்கி என்றால் அதற்கென்று செய்த உறையில் இருக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும். அதே சமயம் அது உங்கள் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

இந்த இரண்டாவது நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காரின் டிக்கியில் போட்டுவிட்டுக் கோயிலுக்குள் போனால், ஓட்டல் அறையில் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், துப்பாக்கி உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. திருடு போனால் முதல் கேள்வி உங்களைத்தான் கேட்பார்கள்.

பொது இடத்தில் துப்பாக்கியை எடுத்துக் காட்டுவது, சும்மா மிரட்டுவது, வானத்தை நோக்கிச் சுடுவது எல்லாமே தடை. கல்யாணம், திருவிழா, ஊர்வலம், புத்தாண்டு என எந்தக் கொண்டாட்டத்திலும் மற்றவர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால், 2019-ல் சேர்த்த பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வட மாநிலக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் "இங்க எல்லாரும் சுடறாங்க, நீங்களும் ஒண்ணு சுடுங்க" என்று யாராவது சொன்னால் கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

உரிமம் செல்லும் இடத்திலும் கொண்டுபோகக் கூடாத இடங்கள்

திருவிழா, சந்தை, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிறுவன வளாகம் ஆகிய இடங்களுக்கு மாவட்ட நிர்வாகத்தின் சிறப்பு அனுமதி இல்லாமல் ஆயுதம் கொண்டுபோகக் கூடாது என்பது தற்காப்பு, விளையாட்டு உரிமங்களில் உள்ள நிபந்தனை. மகளைக் கல்லூரி விடுதியில் விடப் போகும் அப்பாவுக்கும் இது பொருந்தும். அரசு ஒரு பகுதியை ஆயுதமற்ற பகுதியாக அறிவித்திருந்தால் அங்கேயும் தடைதான்.

தேர்தல் காலம் தனிக் கதை. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லும் நடைமுறை நமக்குத் தெரியும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தேர்தல் வேறு வேறு நேரத்தில் வருகிறது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் 2021-ல் நடந்தது. கர்நாடகச் சட்டமன்றத் தேர்தல் 2023 மே மாதம் நடந்தது. அந்த மாதம் ஓசூர்க்காரருக்கு இங்கே எந்தத் தடையும் இல்லை. அத்திப்பள்ளியைத் தாண்டினால் அங்கே தேர்தல் விதிகள் நடைமுறையில். ஆகவே நம் ஊரில் தேர்தல் இல்லை என்பதோடு நிற்காமல், போகும் ஊரில் தேர்தலோ இடைத்தேர்தலோ உண்டா என்று பாருங்கள். பழைய 144 தடை உத்தரவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-வது பிரிவில் வருகிறது. கலவரம், போராட்டம் போன்ற சமயங்களில் அதன்கீழ் ஆயுதம் எடுத்துச் செல்லத் தடை போடுவார்கள். வெளியூர்க்காரருக்கும் அது பொருந்தும்.

விமானத்தில், ரயிலில், காரில்

விமானத்தில் கைப்பையில் துப்பாக்கியோ தோட்டாவோ கொண்டுபோக முடியாது. எடுத்துப்போவதென்றால் டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்தைக் கேட்டுவிடுங்கள். அனுமதித்தால், தோட்டா நீக்கிய துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வைத்து, கவுன்டரில் நீங்களே அறிவித்து, உரிமத்தின் அசலைக் காட்டி, சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டிகளோடு அனுப்ப வேண்டும். தோட்டாக்கள் தனியாக, அதற்குரிய பெட்டியில் இருக்க வேண்டும். சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகளின்படி ஒரு பயணிக்கு 5 கிலோ வரைதான் தோட்டா அனுமதி. உங்கள் பங்கையும் நண்பர் பங்கையும் ஒரே பெட்டியில் சேர்க்கக் கூடாது. வழக்கமான நேரத்தைவிட முன்னதாகவே விமான நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

ரயிலில் போகிறவர்கள் துப்பாக்கியைத் தோட்டா நீக்கி, பூட்டிய உறையில் உங்கள் கண்பார்வையில் வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதற்குப் போடும் கருமருந்து வெடிபொருள். ஆபத்தான பொருளை ரயிலில் கொண்டுபோவது ரயில்வே சட்டம், 1989-ன் 164-வது பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

காரில் போகும்போது துப்பாக்கி ஒரு பெட்டியிலும் தோட்டா இன்னொரு பெட்டியிலும் இருக்கட்டும். டேஷ்போர்டிலும் சீட்டுக்கடியிலும் வைக்க வேண்டாம். ஓட்டுநரிடம் "நீ கொண்டுவந்து கொடுத்துடு, நான் பிளைட்ல வந்துடறேன்" என்று சொல்லி அனுப்புவது பெரிய ஆபத்து. உரிமம் இல்லாத ஒருவர் உங்கள் துப்பாக்கியைச் சுமக்கலாம் என்றால், அது நீங்கள் கூடவே இருக்கும்போது, அல்லது உங்கள் எழுத்துமூல அதிகாரம் அவர் கையில் இருக்கும்போது மட்டும்தான். அதுவும் பழுதுபார்க்க, உரிமம் புதுப்பிக்க, நீங்கள் பயன்படுத்த என்ற காரணங்களுக்குத்தான் சட்டம் இடம் தருகிறது. வெறும் வாய்வார்த்தையை நம்பி எடுத்துப்போன ஓட்டுநர் மாட்டினால், வழக்கு அவர் மேல் வரும். பாவம், அவர் உங்களுக்கு வேலை செய்தவர்.

பையின் மூலையில் கிடந்த ஒரு தோட்டா

விமான நிலையத்திலும் டில்லி மெட்ரோ போன்ற இடங்களிலும் அடிக்கடி பதிவாகும் வழக்கு இதுதான். துப்பாக்கி வீட்டில் பத்திரமாக இருக்கும். முன்பு சுடும் பயிற்சிக்கு எடுத்துப்போன பையைத் துணிப்பையாக எடுத்து வந்திருப்பார். ஓரத் தையலில் ஒரே ஒரு தோட்டா. ஸ்கேனரில் அது தெரிந்துவிடும். சட்டத்தின் பார்வையில் தோட்டாவும் துப்பாக்கியைப் போலவே உரிமத்துக்கு உட்பட்டது. அங்கேயே பிடித்துவைத்து விசாரணை, முதல் தகவல் அறிக்கை, விமானம் போய்விடும்.

தெரியாமல் கிடந்தது என்றால் விடுவிப்பு உண்டா? 1972-ம் ஆண்டு குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆயுதம் தன்னிடம் இருப்பதை அறிந்து வைத்திருப்பதுதான் சட்டம் சொல்லும் உடைமை என்று விளக்கியது. அந்த அடிப்படையில் உயர் நீதிமன்றங்கள் இப்படிப்பட்ட பல வழக்குகளை ரத்து செய்திருக்கின்றன. ஆனால் அது வழக்கறிஞர் வைத்து, நீதிமன்றம் ஏறி, மாதக்கணக்கில் அலைந்த பிறகு கிடைக்கும் நிம்மதி. கிளம்பும் முன் பையை ஒருமுறை கவிழ்த்து உதறிவிட்டால் இந்த அலைச்சலே இல்லை. வீட்டில் வேறு யாராவது அந்தப் பையை எடுத்துப்போனால் இன்னும் சிக்கல். அவர் பெயரில் உரிமமே இருக்காது. அதனால் சுடும் பயிற்சிக்கென்று ஒரு பையைத் தனியாக ஒதுக்கி, வேறு எதற்கும் தொடாமல் வையுங்கள்.

போலீஸார் கேட்டால்

ஆயுதம் வைத்திருப்பவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்ல எந்த மாநிலப் போலீஸ் அதிகாரிக்கும் சட்டத்தின் 19-வது பிரிவு அதிகாரம் தருகிறது. மறுத்தாலோ, காட்ட முடியாவிட்டாலோ பெயர், முகவரி கேட்கலாம். தேவைப்பட்டால் துப்பாக்கியைக் கைப்பற்றலாம், பெயர் முகவரி சொல்ல மறுப்பவரையும் தப்பிப் போவார் என்று தோன்றுபவரையும் கைது செய்யலாம். ஆகவே அசல் உரிமத்தை எப்போதும் கூடவே வையுங்கள். நகல் கூடுதலாக இருக்கட்டும், அசலுக்குப் பதிலாக அல்ல.

சாவடியில் நிறுத்தினால், "சார், என்கிட்ட லைசென்ஸ் துப்பாக்கி இருக்கு, இந்தப் பெட்டியில இருக்கு" என்று முதலிலேயே வாயால் சொல்லிவிடுங்கள். நீங்களாகப் பெட்டிக்குள் கையை விட வேண்டாம். அவர்கள் எடுக்கச் சொன்னால் எடுங்கள், அல்லது அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள். துப்பாக்கியைக் கைப்பற்றினால், கைப்பற்றியதற்கான பட்டியலில் துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் உரிம அதிகாரிக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

பயணத்தில் துப்பாக்கி தொலைந்தால், ஊருக்கு வந்து பார்த்துக்கலாம் என்று விடக் கூடாது. அருகில் உள்ள போலீஸ் நிலையத்தில் தாமதம் இல்லாமல் புகார் கொடுப்பது உரிமத்தின் நிபந்தனை.

30 நாளுக்கு மேல் தங்கினால்

வேலைக்காகவோ பிள்ளைகள் வீட்டிலோ வெளியூரில் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் தங்குகிறீர்கள், துப்பாக்கியும் கூட வருகிறது என்றால், இரண்டு பேருக்குத் தகவல் தர வேண்டும். ஒன்று, உங்களுக்கு உரிமம் தந்த அதிகாரி. இன்னொன்று, புதிதாகத் தங்கும் இடத்தின் உரிம அதிகாரி. ஓய்வுக்குப் பின் பெங்களூருவிலோ ஐதராபாத்திலோ காவலர் வேலைக்குச் சேரும் முன்னாள் ராணுவத்தினர் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். வேலைக்கு அழைக்கும் நிறுவனம் "துப்பாக்கியோட வாங்க" என்று சொல்லும். உரிமம் அந்த மாநிலத்துக்குச் செல்லுமா என்று அது பார்க்காமல் இருக்கலாம். வழக்கு வந்தால் துப்பாக்கி உங்கள் பெயரில்தான் இருக்கிறது. சேரும் முன்பே பகுதி விரிவாக்கம் வாங்குங்கள்.

மீறினால் என்ன ஆகும்?

உரிமமே இல்லாமலோ, காலாவதியான உரிமத்துடனோ துப்பாக்கி அல்லது தோட்டா வைத்திருந்தால், சட்டத்தின் 25-வது பிரிவின்படி 2 ஆண்டுக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 2019-க்கு முன் இது 1 முதல் 3 ஆண்டு வரை இருந்தது. உரிமம் இருந்து அதன் நிபந்தனையை மட்டும் மீறினால், 30-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

செல்லாத மாநிலத்துக்குக் கொண்டுபோனது இதில் எந்தப் பிரிவில் வரும் என்பது வழக்கைப் பொறுத்தது. முதல் தகவல் அறிக்கையில் பெரிய பிரிவே போடப்படலாம். அது சிறிய மீறல்தான் என்று வாதாடுவது உங்கள் வழக்கறிஞரின் வேலையாகிவிடும், அதுவும் வேறு மாநில நீதிமன்றத்தில். தண்டனை சிறியதாக முடிந்தாலும், நிபந்தனை மீறலைக் காரணம் காட்டி 17-வது பிரிவின் கீழ் உரிமத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ அதிகாரிக்கு உரிமை உண்டு.

கொண்டுபோகத்தான் வேண்டுமா?

பெரும்பாலான குடும்பப் பயணங்களில் துப்பாக்கிக்கு வேலையே இல்லை. திருப்பதிக்கும் சபரிமலைக்கும் கல்யாணத்துக்கும் போகிறவர் அதை வீட்டில் பூட்டிவிட்டுப் போகலாம். வீடு பூட்டிக் கிடக்கும் என்ற பயம் இருந்தால், பாதுகாப்பாக வைத்திருக்க உரிமம் பெற்ற துப்பாக்கி விற்பனையாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கலாம். உள்ளூர்ப் போலீஸ் நிலையத்திலும் கேட்டுப் பாருங்கள். எங்கே ஒப்படைத்தாலும் துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை, தேதி மூன்றும் ரசீதில் இருக்கட்டும்.

அடிக்கடி கேட்கப்படும் சில கேள்விகள்

ஏர் கன்னுக்கு இதெல்லாம் பொருந்துமா?
துளையளவு 4.5 மில்லிமீட்டருக்கு (.177) மேல் போகாமலும், சக்தி 20 ஜூலுக்கு மேல் போகாமலும் இருக்கும் ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. அதற்கு மேல் போனால் தேவை. உரிமம் தேவைப்படாத ஏர் கன்னையும் விமானக் கைப்பையிலோ சரணாலயத்துக்குள்ளோ கொண்டுபோகக் கூடாது. வாங்கியபோது தந்த ரசீதையும் அதன் விவரத் தாளையும் கூடவே வைத்திருந்தால் சோதனையில் விளக்குவது சுலபம்.

ராஜஸ்தான் சுற்றுலாவில் வாள் ஒன்று வாங்கினேன். கொண்டுவரலாமா?
9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வாள், குத்துவாள் போன்றவை ஆயுத விதிகளின் பட்டியலில் வருகின்றன. அரசு அறிவித்த பகுதிகளில் இவற்றுக்கும் உரிமம் வேண்டும். கூர்மை இல்லாத அலங்காரப் பொருளாக வாங்கி, கடை ரசீதோடு பெட்டியில் கட்டிக் கொண்டுவருவது நல்லது. வீட்டு அரிவாள்மனை, விவசாய அரிவாள் போன்றவை அந்தப் பட்டியலில் இல்லை.

குடகில் உரிமம் இல்லாமலே துப்பாக்கி வைத்திருக்கிறார்களே?
குடகு மாவட்டத்துக் கொடவர்களுக்கும், ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் மத்திய அரசு 41-வது பிரிவின் கீழ் விலக்கு தந்திருக்கிறது. 2019-ல் அது 2029 அக்டோபர் வரை நீட்டிக்கப்பட்டது. அந்த விலக்கு அவர்களுக்கானது. விருந்தாளியாகப் போகும் உங்களுக்கு அது பொருந்தாது.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறோம். அங்கே எப்படி?
அங்கே மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. ஒரு மாநிலத்து அனுமதியை எல்லா மாநிலமும் ஏற்பதில்லை. சுற்றுலா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அந்நாட்டு மத்தியச் சட்டம் தடை செய்கிறது. நண்பர் கொடுத்தாலும் கையில் வாங்காதீர்கள்.

கிளம்பும் நாள் காலையில் ஒரு சரிபார்ப்பு

போகும் மாநிலமும் வழியில் வரும் மாநிலமும் உரிமத்தில் உள்ளனவா? காலாவதி ஆகவில்லையே? அசல் உரிமம் கையில் இருக்கிறதா? துப்பாக்கியில் தோட்டா இல்லையே? உறை மூடி, பூட்டியிருக்கிறதா? போகும் ஊரில் தேர்தலோ தடை உத்தரவோ உண்டா? சரணாலயம் வழியில் வருகிறதா? மற்ற பைகளில் தோட்டா எதுவும் தங்கியிருக்கிறதா?

இதில் ஒன்றுக்கு விடை சரியாக இல்லை என்றாலும் துப்பாக்கியை வீட்டிலோ விற்பனையாளரிடமோ வைத்துவிட்டுப் போங்கள். சந்தேகம் இருந்தால், பயணத்துக்குப் பல நாள் முன்பே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ காவல் ஆணையர் அலுவலகத்திலோ உள்ள ஆயுத உரிமப் பிரிவில் உரிமப் புத்தகத்துடன் நேரில் போய்க் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.